காம்பராவுக்குள் திராட்சை

இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில், பிரேமினியின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு ஒரு திராட்சைக்கொடி முளைத்தது. விடிவதற்குள் தகரக் கூரையைத் தொட்டு, கறுப்புக் குலைகளும் தள்ளிவிட்டது. அந்தக் குளிரில் முருங்கையே பிழைக்காது. தேத்தண்ணி வைக்க எழுந்த பிரேமினியின் தலையில் ஒரு குலை இடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொடியைக் கேட்டு வாங்கியவளே அவள்தான்.

விஷயம் இதுதான். சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு போனபின் அவளால் கொழுந்து பறிக்க முடியவில்லை. கணவன் கிஷாந்துக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தோட்டத்தில் வேலை செய்ய ஆளில்லாத குடும்பத்துக்குக் காம்பரா கிடையாது. மாத முடிவுக்குள் காலிபண்ணச் சொல்லிக் கணக்குப்பிள்ளை வந்துபோனார். அவளும் அவள் அப்பாவும் பிறந்த காம்பரா அது. அந்த ஞாயிறு ஜெபவீட்டில் பாஸ்டர் தர்ஷன், ராஜாக்களைத் தள்ளுகிறவரும் நிறுத்துகிறவரும் கர்த்தரே என்றார். ஒருநாள் அவரே சகல ஜனங்களையும் ஆளுவார், அப்போது அவனவன் தன் திராட்சைக்கொடியின் கீழும் தன் அத்திமரத்தின் கீழும் பயமுறுத்த ஆளில்லாமல் உட்காருவான் என்று தீர்க்கதரிசியின் வாக்கை விளக்கினார். சபையே அல்லேலூயா சொன்னது. பிரேமினி மட்டும் கலங்கிப்போனாள். லயத்து வாசலில் மரம் வைக்கத் தோட்ட மேனேஜரான துரை அனுமதிப்பதில்லை. அவள் அப்பா வைத்த கொய்யாவை அவர் கையாலேயே வெட்டவைத்தார்கள். ஆகவே வீட்டுக்கு வந்து, முழங்காலில் நின்று, முன்யோசனையோடு ஜெபித்தாள்: "வெளிய வேணாம் ஆண்டவரே, தொரை வெட்டிப்புடுவாரு. உள்ளாறயே குடுத்துருங்க."

உள்ளாறயே கொடுத்துவிட்டார். பார்க்க ஓடிவந்த பாஸ்டர் முகம் வெளிறிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "நடக்கும்னு சொன்னேன்தான் சிஸ்டர். ஆனா நம்ம லயத்துலயா?"

மாத முடிவில் துரையே ஜீப்பில் வந்தார். கூடவே கத்தியோடு இரண்டு ஆட்கள். பிரேமினி வழக்கம்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். துரை குனிந்து உள்ளே வந்து, கொடியின்கீழ் நின்று, வெளியேறச் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வாசலுக்குப் போனார், குரல் திரும்பியது. மறுபடி உள்ளே வந்தார், போய்விட்டது. "தண்ணி கொஞ்சம் குடு" என்றபோது மட்டும் கணீரென்று வந்தது. மிரட்டலுக்கு அந்தக் கொடியின்கீழ் ஓசை கிடையாது என்று எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆட்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிரேமினி அதிர்ச்சியில் துரையின் முன்னாலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து எந்தத் துரையின் முன்னாலும் அவள் உட்கார்ந்ததில்லை.

துரை வெளியே நின்று கத்திப்பார்த்தார். அவர் உத்தரவை உள்ளே வந்து நிறைவேற்ற ஒருவரும் துணியவில்லை. பிறகு தோட்டம் வேறு கம்பெனிக்குப் போனது, துரையும் போனார், அரசாங்கமும் மாறியது. வோட்டுக் கேட்டு வந்தவர்கள் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, "இல்லேன்னா தெரியும்ல" என்று முடிக்கும் இடத்தில் மட்டும் ஊமையானார்கள். புதுத் துரை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று நலம் விசாரிக்கிறார். பிரேமினி உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறாள்.

போன வாரம் கிஷாந்த் லீவில் வந்தபோது அடுப்பு வேறு மூலைக்கு மாறியிருந்தது, பழைய மூலை காலியாகக் கிடந்தது. ஏனென்று கேட்டான். "அத்திமரம் இன்னும் பாக்கி இருக்குல்ல" என்றாள். அவன் அரிசி மூட்டையையும் நகர்த்தி அதற்கு இடம் விட்டான்.