முனையோடு முனை

மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதை, வெடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் தன் கையாலேயே இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். துணி உலர்த்தும் இயந்திரங்களின் சூடு ஏற்கெனவே ஆளை வேகவைத்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் சாத்தினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் காத்திருக்கும் தாழ்வாரம். அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், உள்ளே பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று புகார் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்ததில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. அழுகிறவர் காதில் அடுத்தவள் சிரிப்பு விழக் கூடாது.

"ஜன்னல சாத்திட்டேன் மேடம்," என்றாள்.

"மொதல்ல வாயச் சாத்து," என்றாள் சூப்பர்வைசர். அவளுக்குப் பணியாளர்கள் வைத்திருந்த பெயர் இஸ்திரி. முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்து யாரும் பார்த்ததில்லை. "நாளையிலேருந்து ஒன் நாத்தனார் வாஷிங் பக்கம். நீ இங்க. இன்னொரு தடவ சத்தம் வந்துச்சு, ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து சிரிச்சுக்கலாம்."

வீட்டில் சிரிக்க முடியாது என்பதுதான் விஷயமே. அது இஸ்திரிக்குத் தெரியாது.

அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனான் வெடியின் புருஷன். செருப்பும் வரவில்லை, அவனும் வரவில்லை. இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்ற சேதி மட்டும் நாலு வாய் மாறி வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். மகன் திரும்பி வந்துவிடுவான் என்று அவளுக்கு நம்பிக்கை. அந்த வீட்டில் டம்ளர் உருண்டால்கூட, அவன்தானோ என்று தலையைத் தூக்குவாள். அவள் எதிரில் எப்படிச் சிரிப்பது? அவனைத் திட்டத்தான் முடியுமா? வெடியும் அவனுடைய தங்கையும் வீட்டுக்குள் வாயை மூடிக்கொண்டு நடமாடினார்கள்.

இருவருக்கும் வேலை ஒன்றுதான்: வார்டுகளுக்குப் போகும் விரிப்புகளை மடிப்பது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நீளவாக்கில் மடித்து, விறைப்பாக இழுக்க வேண்டும். பிறகு எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கும். அவன் போன புதிதில், வெடி அழுதுகொண்டே மடித்த விரிப்புகளில் பாதி மறுபடி சலவைக்குப் போயின. அப்படி ஒரு நாள் முனை சேர்க்க வந்த நாத்தனார் அவள் காதோடு சொன்னாள்: "அண்ணி, இந்நேரம் அந்த இன்னொரு செருப்பும் அறுந்திருக்கும்."

வெடி சிரித்துவிட்டாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்த சிரிப்பு. அந்தப் பெயர் அவளுக்கு வந்தது அன்றுதான்.

அதன்பின் முனைக்கு ஒரு வரியாகக் கதை வளர்ந்தது. கதையில் அவனை நாய் துரத்தியது. போன இடத்தில் அந்த இன்னொருத்தியின் குறட்டை தாங்காமல் காதில் பஞ்சு வைத்தான், பஞ்சு உள்ளே போய்விட்டது. "ஒங்கண்ணன் இருக்கானே," என்று இவள் ஆரம்பித்தால், "ஒங்க புருஷன்னு சொல்லுங்க, எனக்கு ஏன் அந்தப் பாவம்?" என்று அவள் எடுத்துக் கொடுப்பாள். இஸ்திரிப் பெட்டிகளோடு வரிசையாக நிற்கும் பெண்களுக்கும் அந்தக் கதை இல்லாமல் கை ஓடாது. செத்தவர்கள் படுத்திருந்த விரிப்பும் அங்கேதான் வருகிறது, குழந்தை பிறந்த விரிப்பும் அங்கேதான் வருகிறது. எதுவானாலும் வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்பியாக வேண்டும். சிரிக்காமல் எப்படிச் செய்வது என்று வெடிக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவளுக்கு விருப்பமில்லை.

கதையில் கடைசியாக அவனை ஒரு பொதுக் கழிவறைக்குள் விட்டு, கதவை வெளிப்பக்கம் தாழிட்டிருந்தாள் நாத்தனார். அந்த இடத்தில்தான் இருவரையும் பிரித்தார்கள்.

"வெளிய வந்தானா இல்லயா, அதையாச்சும் சொல்லிட்டுப் போகச் சொல்லேன்," என்று இஸ்திரி போடுகிறவர்கள் நச்சரித்தார்கள். கதை தன் கையில் இல்லை என்று வெடி உதட்டைப் பிதுக்கினாள். எதிர் முனைக்கு வந்த புதியவள் வாயே திறக்காதவள். விரிப்பு மடிந்தது. பொழுதுதான் நகரவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் மருத்துவமனையில் மகிழ்ச்சி வாரம். 'புன்னகையே உங்கள் சீருடை' என்று சுவரில் ஒரு அட்டை ஏறியது. பயிற்சி கொடுக்க மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் வந்தார். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டியதாயிற்று.

"ஒங்க வாழ்க்கையில இருக்கற நல்ல விஷயம் மூணச் சொல்லுங்க பாக்கலாம்."

"காத்து, தண்ணி," என்ற ஒருத்தி மூன்றாவதற்கு முழித்து, "மேடம்," என்று முடித்தாள். வட்டத்தில் நாலைந்து பேர் குனிந்துகொண்டார்கள்.

வெடியின் முறை வந்தது. "எனக்கு மூணெல்லாம் இல்ல சார். ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதத் தூக்கி வாஷிங் பக்கம் போட்டுட்டாங்க."

"நெகட்டிவா பேச வேணாம்மா. சிரிச்ச மொகமா இருந்து பாருங்க, எல்லாம் மாறும்."

"சிரிச்சதுக்குத்தான் சார் தண்டனையே. பல்லு தெரியலாமாம், சத்தம் வரக் கூடாதாம். அதுக்குப் பேரு சிரிப்பா சார்? பல் டாக்டர்கிட்ட அப்படித்தான் காட்டுவோம்." அவள் அதோடு நிறுத்தவில்லை. "என் புருஷன் என்னெ விட்டுட்டுப் போனான். வேற எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான். இத நான் விட மாட்டேன். யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

பயிற்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இஸ்திரியின் முகத்தில் இப்போதும் ஒரு கோடு இல்லை.

அவர் கிளம்பிப் போவதற்குள் வார்டிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. மடிக்காத விரிப்புகள் மேசை கொள்ளாமல் கிடந்தன. புதியவளோ, "எனக்கு எதுக்கும்மா வம்பு," என்று இஸ்திரிப் பெட்டிப் பக்கம் நழுவிவிட்டாள். சூப்பர்வைசர் ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். எதிர் முனைகளை அவளே எடுத்துக்கொண்டாள்.

"பேசாம மடி. ஒன் கணக்க அப்புறம் பாத்துக்கறேன்."

உதறினார்கள், இழுத்தார்கள், நடந்து வந்து முனை சேர்த்தார்கள். அத்தனை பக்கத்தில் இஸ்திரியின் முகத்தை வெடி பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. இவளையும் எவனாவது எதையாவது தைத்து வருகிறேன் என்று ஏமாற்றியிருப்பானோ என்று ஒரு கணம் தோன்றியது. மறு கணம், என்னவாகத்தான் இருக்கட்டுமே, அதற்காக என் வாயைத் தைக்க விட மாட்டேன் என்றும் தோன்றியது.

இரண்டாவது விரிப்பை உதறும்போது வாஷிங் பக்கத்திலிருந்து, இத்தனை இயந்திரங்களின் இரைச்சலுக்கும் மேலே ஒரு குரல் வந்தது.

"அண்ணீ! கதவத் தட்டித் தட்டி அவனுக்குக் கை வீங்கிப் போச்சு!"

இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் அப்படியே நின்றன. வேலை போய்விடும் என்று வெடிக்குத் தெரியும். குரல் கொடுத்தவளுக்கும் தெரியும். வெடி முனைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கேட்டாள்: "அப்புறம் யாருடி வந்தா?"

"சிரிப்புப் பயிற்சி குடுக்கறவரு! கதவத் தொறக்கல அண்ணி! வெளியவே நின்னுகிட்டு, உள்ள இருக்கற நல்ல விஷயம் மூணச் சொல்லுங்கன்னாரு!"

முதலில் இஸ்திரிக்குத் துணியில் தண்ணீர் தெளிப்பவள் சிரித்தாள். பிறகு வரிசை முழுவதும் சரிந்தது. வெடிக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, சாத்திய ஜன்னல் அதிர வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு எதிரில் இருப்பது எதுவும் தெரியவில்லை. கையில் இருந்த விரிப்பு மட்டும் தெரிந்தது. இருவருக்கும் நடுவே அது விறைப்பாக நின்றது.

இஸ்திரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாள். முனைகளை விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து விரிப்பு மெல்ல மெல்லக் குலுங்க ஆரம்பித்தது.