இரவல் பிள்ளை

திபேரியா ஊர் ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்த ஒவாதியாவின் மகன் ஷாவூல், மூன்று வயது முதல் ஆண்டுதோறும் முதல் மழை விழுந்ததும் இல்லாமல் போவான்; குளிர் முடிந்து வாதுமை பூத்ததும் வீடு திரும்புவான். முதல் முறை மட்டும்தான் ஊர் பதறியது. வாசலில் உட்கார்ந்து பருப்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த குழந்தைமேல் நாலு துளி விழுந்தது. கிண்ணம் இருந்தது, குழந்தை இல்லை. ஒன்பது நாள் ஏரியை வலை போட்டு அலசியதில் நன்னீர் மத்தி குவிந்து, அந்த வாரம் விலை பாதியாகச் சரிந்தது. குளிர் விட்ட ஒரு காலையில் குழந்தை வாசலில் நின்றான், இரண்டு விரற்கடை வளர்ந்து, பசியோடு. பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் வருகைப் பதிவில் 'மழை' என்று எழுதிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடுவார்.

பழகாதவள் தாய் ரெய்னா ஒருத்திதான். பதினோரு ஆண்டுகள் ஏரிக்கரையில் ஞானிகளின் கல்லறைகளில் நெற்றி வைத்துக் கேட்ட பிள்ளை. அதனால் பிறந்த எட்டாம் நாள் பேர் சூட்டும் சடங்கில் ஷாவூல் என்று வைக்கச் சொன்னாள். கேட்டுப் பெற்றவன் என்று பொருள். இரந்து பெற்றதற்கும் இரவலுக்கும் எபிரேயத்தில் இந்த ஒரே சொல்தான் என்று யூத குரு ரபி எல்யகீம் அப்போதே சொன்னார். குழந்தையின் அழுகையில் அது யார் காதிலும் விழவில்லை.

ஏழாம் வயதில் திரும்பி வந்தவனின் சட்டையில், அறுந்திருந்த பொத்தான் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. ரெய்னாவின் தையலைவிட நேர்த்தியான தையல்.

"எங்கடா இருந்த?"

"அம்மாகிட்ட."

"நான்தாண்டா உங்கம்மா."

"ஆமா" என்றான், அதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

அன்றே அவள் ரபியிடம் போய்ப் பேரை மாற்றச் சொன்னாள். நோய் தீர நோயாளிகளுக்குப் பேர் மாற்றுவது அங்கே வழக்கம்தான். ஆனாலும் ரபி தயங்கினார்.

"மாத்தலாம்மா. நீ கேட்டதும் அந்தப் பேருலதான் இருக்கு, இரவலும் அதுலதான் இருக்கு. ஒண்ண மட்டும் பிச்செடுக்க எனக்குத் தெரியாது."

அவள் பிடிவாதத்தால் பையன் ஹயீம் ஆனான். உயிர் என்று பொருள். அந்த ஆண்டு முதல் மழை பெய்தது, பையன் வீட்டிலேயே இருந்தான். ஒவாதியா அண்டை அயலாருக்கெல்லாம் அரக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். ஆனால் ஹயீம் விருந்தாளியைப்போல இருந்தான். ஒவ்வொரு கவளத்துக்கும் நன்றி சொன்னான், எங்கே படுக்கலாம் என்று கேட்டான், அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தான். மற்ற நேரமெல்லாம் அந்தப் பொத்தானைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றான். அவன் நின்ற இடத்தில்தான் இத்தனை ஆண்டுகளாக மழைக்காலம் முழுக்கத் தானும் நின்றது, மழை தொடங்கிய பத்தொன்பதாம் நாள் ரெய்னாவுக்கு உறைத்தது. வேறெங்கோ ஒருத்தியும் இப்போது அப்படி ஜன்னலோரம் நிற்பாள் என்பதும்.

அவனுக்குக் கம்பளி மாட்டி, ரொட்டியும் ஆலிவும் இரண்டு பேருக்குக் காணும்படி கட்டிக் கொடுத்தாள்.

"ஷாவூல்" என்றாள். பையன் முகம் மலர்ந்து திரும்பினான். "போயிட்டு வாடா. அவங்களும் கேட்டுத்தானே வாங்கியிருப்பாங்க."

"சரிம்மா" என்று மழையில் இறங்கினான். இரண்டாவது படியில் அவன் இல்லை.

வருஷங்கள் போயின. ஒவாதியா காலமானார், அப்போது கோடை, மகன் உடனிருந்தான். ஷாவூலுக்கு மீசை வந்தது, படகு வந்தது. லூனா என்ற பெண் அவனை மணக்கச் சம்மதித்தாள். வருஷத்தில் பாதி நாள்தான் புருஷன் என்று தோழிகள் கேலி செய்ததற்கு, முழு வருஷமும் வீட்டிலிருக்கும் புருஷன்மாரைத் தானும் பார்த்திருப்பதாகச் சொன்னாள். கல்யாணம் கோடையில் நடந்தது. ரெய்னா தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போடச் சொன்னாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. பரிமாறியவர்கள் அதன் முன்னும் தட்டு வைத்தார்கள். ஆடிய பெண்கள் எவள் காலையோ மிதித்துவிடாதபடி அதைச் சுற்றி விலகி ஆடினார்கள். ரெய்னா மாலை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் அவனுக்குச் சளி பிடிக்குமா, தூக்கத்தில் உளறுவானா என்றெல்லாம் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதிலை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டாள்.