கடைக்காரர் மகள்

பத்தரை மணிக்குள் அவள் நாற்பது பதிவை முடித்திருந்தாள். படித்த பிள்ளைகள் அப்பன்மாரைவிட மேலே ஏறினார்களா என்று லட்சக்கணக்கான குடும்பங்களை வைத்துப் பார்க்கும் பெரிய ஆய்வு. பழைய பள்ளிப் படிவங்களையும் ஊழியர் பட்டியல்களையும் கணினியே இணைத்துவிடும். பொருந்தாமல் முரண்டு பிடிப்பவை மட்டும் அவளைப் போன்ற பதிவாளர்கள் தலையில் விழும். திரையில் பெயர் வராது, போன் எண்தான். ஒருவர் போன் போட்டு விசாரிக்க வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் சாட்சியாகக் கேட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். இந்தத் தினக்கூலிக்குத்தான் அவள் முதுகலை வரை முட்டி மோதிப் படித்தது.

பக்கத்து நாற்காலி சோடாபுட்டிக் கண்ணாடி அக்கா. "இந்தக் கூத்தைக் கேளேன். அப்பா தொழில், பள்ளிக்கூடத்துல கடை வியாபாரம். ஆஸ்பத்திரி லிஸ்ட்ல கக்கூஸ் கழுவுறவர்," என்று சிரித்தபடி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அலோ," என்றது அவளுடைய அப்பாவின் குரல்.

அவள் அக்காவின் திரையை எட்டிப் பார்த்தாள். ஆறாம் வகுப்புப் படிவம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் அவளே கடை வியாபாரம் என்று நிரப்பிக் கைநாட்டு வாங்கியது.

அக்கா இரண்டையும் சொல்லி, "எதுங்கய்யா சரி?" என்றாள்.



"பள்ளிக்கூடத்துல அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமாங்கய்யா."

"அப்ப அதுதாம்மா சரி. எம் பொண்ணு கைப்பட எழுதினது, தப்பா இருக்காது."

"அந்த ஆஸ்பத்திரி ஆளு?"

"அது வேற யாரோ. அடிச்சிருங்கம்மா."

அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அறை முழுக்கத் தலைகள். வாயை மூடிக்கொண்டாள். சீ, இன்னுமா இந்த வெட்கம் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்பாவின் முப்பத்தொரு வருஷ ஆஸ்பத்திரி வேலையை அக்கா ஒரே தட்டில் நீக்கினாள். திரையில் முடிவு வந்தது. தந்தை: வியாபாரி. மகள்: முதுகலை, தினக்கூலித் தரவுப் பதிவு. ஒரு படி கீழே.

"பாவம், நல்லா வாழ்ந்த குடும்பம் போல. பொண்ணு படிச்சும் நம்மள மாதிரி எங்கயோ உக்காந்து தட்டிக்கிட்டிருக்கு. சாட்சி அழுத்துடி."

அழுத்தினாள். அப்பா போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டிருந்தார். பிரஷ் தரையைத் தேய்க்கும் சத்தம் ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருந்தது.