ஆறாவது தீர்மானம்

"பதினாலு பர்சென்ட் ஏறியிருக்கு!" என்று கிளப் தலைவன் மேஜையைத் தட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பல்கலைக்கழக முதலீட்டு கிளப்பில் இருபது மாணவர்கள். பழைய மாணவர்கள் கொடுத்த நிஜப் பணத்தில் நிஜப் பங்குகள் வாங்குகிறோம். இன்று ஏறியது பெயிண்ட் கம்பெனி. ஒரு தொழிற்சாலையை மூடி, நிலத்தை விற்கப்போகிறார்களாம். அந்தத் தொழிற்சாலையில்தான் என் அப்பா இருபத்திரண்டு வருடமாக சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பங்கை வாங்கச் சொன்னதே நான்தான். அப்பாவின் கம்பெனி என்பதால் அதன் ஆண்டறிக்கைகளை ஆசை ஆசையாகப் படித்திருந்தேன். வாங்கிய நாளிலிருந்து அவருக்கு நான் முதலாளி. "முதலாளியம்மா, ரெண்டு நாள் லீவு வேணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அம்மா சிரித்துச் சிரித்து இருமுவாள்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. எழுந்துவிட்டேன்.

"நானூறு பேருக்கு வேலை போகுது. அதுல எங்கப்பா ஒருத்தர். கைதட்டறீங்களே, வெக்கமா இல்ல?"

கைதட்டல் நின்றது. தலைவன் நல்லவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இது இன்னிக்கு முடிவானதில்ல. போன வருஷமே பங்குதாரர் ஓட்டுக்கு வந்துச்சு. நம்ம கிளப்பும் போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

அவன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

கம்பெனிகள் வருடம் ஒருமுறை தீர்மானங்களை அனுப்பும். அவற்றுக்கு ஓட்டுப் போடுவது செயலாளர் வேலை. செயலாளர் நான். 'எல்லாவற்றுக்கும் சம்மதம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். படிக்காமல் அதை அழுத்திவிட்டுப் போவதுதான் கிளப்பின் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான் செய்தாள். திரையில் தேதி இருந்தது, என் பெயர் இருந்தது. ஆறாவது தீர்மானம், நிலத்தையும் அதன் மேலுள்ள ஆலையையும் விற்க ஒப்புதல். எதிரே பச்சை எழுத்தில் சம்மதம்.

"நம்மகிட்ட இருந்தது வெறும் நூத்தி இருபது ஷேர். நீ வேணாம்னு போட்டிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது" என்றான் தலைவன், ஆறுதலாக. ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. அவர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் போக இடமில்லாமல் என் மேலேயே வந்து உட்கார்ந்தது.

கைபேசி அடித்தது. அப்பா.

"முதலாளி, சாப்டியா? நாங்க எல்லாரும் கேட்டுலதான் நிக்கிறோம். போன வருஷமே பங்குதாரருங்க ஓட்டுப் போட்டு முடிச்சிட்டாங்களாம். நம்ம பசங்க நம்பவே மாட்டேங்கறாங்க. என் பொண்ணுக்கும் ஒரு ஓட்டு இருக்கு, அவ எதிர்த்துதான் போட்டிருப்பான்னு சொல்லிட்டேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்மா. நீயே சொல்லு."

மறுமுனையில் பேச்சுச் சத்தம் அடங்கியது. உள்ளே எங்கோ ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும் பீப் பீப் மட்டும் கேட்டது. அப்பாவின் வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.