கடைசி ஷாட்டில் அம்மா எழுந்திருப்பாள்

பொம்மையை வைத்துப் படம் எடுப்பவர் என்றதும் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மனுஷர் எடுத்த படத்தைப் பார்த்த குழந்தை ஒரு வாரத்துக்கு விளக்கை அணைக்க விடாது. படத் தொழிலில் இருப்பவர்கள் அவருக்கு ‘இருட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் பெரிய பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார். தங்கைக்கு மட்டும் அவர் அண்ணன். அவளுக்கு நரை விழுந்து, மூக்குக் கண்ணாடி ஏறி, நாலு தெருவுக்கும் தையல்காரி ஆகிவிட்ட பிறகும் அண்ணனுக்கு அவள் பொடிசுதான்.

அண்ணனின் ஸ்டூடியோ என்பது வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய கார் ஷெட். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம். கேமராவின் கால்கள் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியவை. மேஜை மேல் முழங்கை உயரத்தில் ஓர் அறை, அதற்கு ஒரே ஒரு பல்பு, அதுவும் கதவிடுக்கு வழியாகக் கசிகிற மாதிரி. செட்டில் படிந்த தூசியை யாரும் துடைத்துவிடக் கூடாது, துடைத்தால் கொலை விழும். பொம்மைகளுக்கு உள்ளே முறுக்கிய கம்பி, கம்பி மேல் பஞ்சு, பஞ்சு மேல் பொடிசு தைத்த துணி. கையை நூலளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் நூலளவு நகர்த்தி இன்னொரு படம். நாள் முழுக்க முதுகு ஒடியக் குனிந்து கிடந்தால், திரையில் அந்தப் பொம்மை ஒரு தடவை தலையைச் சொறிந்திருக்கும். நடுவில் யாராவது தும்மி மேஜை ஆடிவிட்டால் அன்றைய பாடு அம்போ.

தொட்டுத் தொட்டு நகர்த்துவதால் துணியில் விழுகிற சுருக்கம் ஒவ்வொரு படத்துக்கும் மாறும். ஓட்டிப் பார்த்தால் பொம்மையின் உடம்பு சதா நடுங்குகிற மாதிரி தெரியும். மற்றவர்கள் அதைக் குறை என்று மறைப்பார்கள். இவர் வேண்டுமென்றே விட்டுவைப்பார். தொட்ட கை தெரியட்டுமே என்பார்.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் யாருடைய பாதிப்பு என்று கேட்டால், தூர தேசத்து மேதைகள் நாலு பேரை எடுத்துவிடுவார். உள்ளே ஊசியும் கையுமாக இருக்கும் பொடிசுக்குச் சிரிப்பு வரும். மேதையாவது மண்ணாங்கட்டியாவது! அவர்கள் அப்பா பல்செட் செய்கிறவர். அந்த வீட்டில் விளையாட்டுச் சாமான் கிடையாது, யார் யார் வாயிலிருந்தோ அச்செடுத்த பிளாஸ்டர் தாடைகள்தான் அலமாரி நிறைய இருந்தன. அண்ணனின் பொம்மைகளுக்கு வாய்க்கு மீறிய பல் வந்தது அங்கிருந்துதான். பக்கத்து அறையில் அம்மா படுத்த படுக்கை. பிள்ளைகள் இரண்டும் கதவிடுக்கில் நின்று பார்த்த வெளிச்சத்தைத்தான் உலகம் ‘இருட்டு ஸ்டைல்’ என்று மெச்சிக்கொண்டிருந்தது.

அம்மா படுத்தது பொடிசு பிறந்த அன்றைக்கு. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பொடிசு பள்ளிக்கூடம் போகிற வயசு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ‘இவ பொறந்தா, அவ படுத்தா’ என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குழந்தைக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் அழும்போதெல்லாம் அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து, நடமாடிய காலத்து அம்மாவைப் பற்றிச் சொல்வார். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறுவாளாம். மழை வந்தால் கொடியில் காய்கிற துணியை எடுக்கச் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவாளாம். பொடிசு அந்த அம்மாவைத்தான் அம்மா என்று நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

அதனால்தான் அம்மாவைப் பற்றிப் படம் என்று அண்ணன் சொன்னதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. படுத்தே கிடக்கிற ஒரு பெண், இடுக்கில் நிற்கும் இரண்டு பிள்ளைகள், இவ்வளவுதான் கதை. “கடைசி ஷாட்ல அம்மா எழுந்திருப்பாங்க பொடிசு. எழுந்து கதவு வரைக்கும் நடந்து வருவாங்க” என்றார். அந்த ஒரு பேச்சை நம்பி, தையல் கடைக்கு வந்த வேலையைத் தட்டிக்கழித்துவிட்டு, வருஷக்கணக்கில் அந்த ஷெட்டில் கிடந்தாள். பொம்மையாகவாவது அம்மா நடந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் தன் தலையில் ஏறிய பழி இறங்கிவிடும். பைத்தியக்கார நம்பிக்கைதான். ஆனால் அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

எல்லாப் பொம்மைக்கும் அவள் துணி தைத்தாள், அம்மா பொம்மையை மட்டும் அண்ணன் தொட விடவில்லை. தானே செய்தார், தானே உடுத்தினார், தானே கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டார். மற்ற காட்சியெல்லாம் முடிந்து கடைசி ஷாட் மட்டும் பாக்கி என்கிற நேரத்தில் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பொம்மை நடுங்கலாம், நகர்த்துகிற கை நடுங்கலாமா? டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரையை மாற்றினார், கடைசியில் சோதனைகளுக்காக ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார். இனி அந்தக் கை ஸ்பூன் பிடித்தாலே பெரிது என்று பொடிசிடம் தனியாகச் சொன்னார்.

அவள் அழுது முடித்து, ஷெட்டைத் திறந்தாள். கடைசி ஷாட்டைத் தானே எடுத்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அது வராமலா போகும்? போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள், வரவில்லை. கட்டிலோடு சேர்த்துத் தைத்திருந்தது. பிளேடால் மெதுவாகத் தையலைப் பிரித்தாள்.

இடுப்புக்குக் கீழே அம்மா இல்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு உருண்டைப் பஞ்சைப் பலகையில் ஒட்டியிருந்தார்.

கேமரா பார்க்காததைச் செய்யாதே என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். கதவிடுக்கில் நின்ற அந்த இரண்டு பிள்ளைப் பொம்மைகளுக்குமே முதுகு கிடையாது, முன்பக்கம் மட்டும்தான். அது பொடிசுக்கும் தெரியும். எழுந்திருப்பதற்கென்று தனியாக வேறு பொம்மை செய்து வைத்திருப்பார் என்று அலமாரி, பெட்டி, பரண் எல்லாம் குடைந்தாள். தாடையும் கண்மணியும் உருண்டன, கால் இல்லை. மறந்திருப்பார், உடம்பு சரியில்லாத மனுஷர்தானே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு, கம்பியை எடுத்து முறுக்க உட்கார்ந்தாள். கணுக்கால் மடங்க வேண்டும், விரல் தரையைப் பற்ற வேண்டும். இரண்டு கால்களும் கச்சிதமாக வந்தன.

பொம்மையை நகர்த்துமுன் அந்த அசைவைக் கண்ணாடி முன் தானே செய்து பார்ப்பது வழக்கம். பொடிசு கண்ணாடி முன் போய் நின்றாள். அம்மா எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பாள்? தோள் முன்னால் சாயுமா, கையை வீசுவாளா? அவளுக்கு எதுவும் தெரியவில்லை. மாடிப்படியும் மழையும் தெரியும், நடை தெரியாது. சரி, அண்ணன் வரட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அண்ணன் வந்தார். கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தவர், பிரிந்த போர்வையையும் புதுக் கால்களையும் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பொடிசு கோபமே படவில்லை. அவருக்குக் கை முடியாது, தன்னால் முடியும், வழி மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

“அம்மா எப்படி நடப்பாங்கன்னு சொல்லுண்ணா. மத்தத நான் பாத்துக்கறேன்.”

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தெரியாது பொடிசு. படுத்திருந்த அம்மாதான் என் கண்ணுல இருக்காங்க. அதுக்கு முந்தின அம்மா வரவே மாட்டேங்கறாங்க.”

“அப்ப மாடிப்படி?”

“நீ அழுதே. ஏதாவது சொல்லணுமே.”

கால் செய்ய எத்தனையோ தடவை உட்கார்ந்தாராம். கம்பியை எடுத்தால் முட்டியைத் தாண்டி ஒன்றும் தோன்றாதாம். இத்தனை வருஷம் தன்னைத் தாங்கி நிறுத்திய அம்மா, ஒரு பையன் அழுகையை நிறுத்தச் சொன்ன பொய். அந்தப் பையன்மேல் எப்படிக் கோபப்படுவது?

அண்ணன் திடீரென்று தலை நிமிர்ந்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. “நீ நட. அம்மாவ நீ உரிச்சு வச்சிருக்கேன்னு எல்லாரும் சொல்லுவாங்கல்ல? நடந்து காட்டு, பாத்தா வந்துடும்.”

பொடிசுக்கும் அது சரி என்று பட்டது. ரத்தம் எங்கே போகும்? ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போய், கட்டிலிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி எழுந்து, கதவு வரைக்கும் நடந்தாள். அண்ணன் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இன்னொரு தடவை நடக்கச் சொன்னார். நடந்தாள். அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, வந்துவிடும், வந்துவிடும் என்று கைகூப்பிக்கொண்டிருந்தது. கதவருகில் போய்த் திரும்பி நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் தலையை ஆட்டினார்.

“இல்ல பொடிசு. இது அப்பா நடை.”

அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பிறகு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி ஷாட்டுக்கு அம்மாவின் கை மட்டும் போதுமா என்று கேட்டாள். போதும் என்றார் அண்ணன். விரல்கள் போர்வை ஓரத்தைப் பிடித்திருக்க வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக விட வேண்டும், அது தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அம்மா போன அன்றைக்குக் கிட்டத்தில் நின்றது தான்தான் என்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் நகர்த்தினாள். சாயங்காலத்துக்குள் படம் முடிந்துவிட்டது.