ஓட்டுப் போடாத வீடு

அண்ணனா ஓட்டுப் போடவில்லை, இருக்காது, பட்டியலில்தான் ஏதோ பிழை, கதவு எண் மாறியிருக்கும்... மூன்று மாடி ஏறுவதற்குள் இதையே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாளோ, லிஃப்ட் ஓடவில்லை, முழங்கால் கெஞ்சுகிறது, கையில் அட்டை, அட்டையில் கவ்விய படிவங்கள். இந்த நகரத்தில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லையாம், ஏன் வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஒரு ஆராய்ச்சி நிறுவனம் ஆள் எடுத்தது, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை என்று சேர்ந்துகொண்டாள், போன வாரம் வரைக்கும் தேவலையாகத்தான் இருந்தது. இன்று காலை கொடுத்த பட்டியலில் பதினேழாவது வரி, அண்ணனுடைய வீடு. வேறு யாரிடமாவது மாற்றிக் கொடுத்திருக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம், ஒளிப்பானேன், தேர்தல் வந்தால் சோறு தண்ணீர் மறக்கிற மனிதன், விடியும் முன்னே வரிசையில் முதல் ஆளாக நிற்கிற மனிதன், இந்தத் தடவை போகவில்லை என்றால் அவனுக்கே அவன் கட்சி கசந்துவிட்டது என்றுதானே அர்த்தம், அதை அவன் வாயால் கேட்டுத் தன் கையால் எழுத வேண்டும்...

ஏழு வருஷம். சொத்துத் தகராறா, இல்லை. பெண் கொடுத்து எடுத்ததில் மனத்தாங்கலா, அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த பேச்சு, அவன் ஒரு கட்சி, அவள் இன்னொரு கட்சி, சின்ன வயதிலிருந்தே கீரியும் பாம்பும்தான், ஆனால் அன்றைக்கு அவன், "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் நாடு நாசமாப் போகுது" என்றான், அவள், "உன் தலைவன் எச்சில் தட்டை நக்குறவன் நீ" என்றாள், சொன்ன பிறகு வார்த்தையை அள்ள முடியுமா, "வெளிய போடி" என்று விட்டான். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் போல அண்ணி நடுவில் கரண்டியோடு நின்றாள். அவள் போட்ட சாதம் தட்டில் அப்படியே இருந்தது. அவனாக வந்து கூப்பிடட்டும் என்று இவள், இவளாக வரட்டும் என்று அவன், வருஷம் மட்டும் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவனுக்கு அவளை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று, அவளுக்கும்தான், இவ்வளவு மெலிந்தவனா அண்ணன், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான், அண்ணி இதை எப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்... "ஆபீஸ் வேலையா வந்தேன்" என்றாள் முந்திக்கொண்டு, சமாதானத்துக்கு வந்ததாக நினைத்துவிடக் கூடாதே. அவன் விலகி வழிவிட்டான். கழுவி வைத்த தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. "அண்ணி எங்க, கடைக்கா?"

"ஓட்டுப் போடற அன்னைக்குப் போய்ட்டாம்மா. காலைல ஏழு மணிக்கு. அப்பதான் பூத் திறந்திருப்பாங்க."

எங்கே போனாள் என்று கேட்க வாயெடுத்து, பாதியிலேயே புரிந்து, புரிந்ததை உள்ளே விடாமல்... அதே ஏழு மணிக்கு இவள் தன் பூத் வரிசையில் நின்றிருந்தாள், முன்னால் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள், வெயில்கூட ஏறவில்லை, தன் விரலில் மை வைத்தபோது இவள் சிரித்தாள், ஆமாம், சிரித்தாள். "எனக்கு ஏன் சொல்லல? ஒரு வார்த்தை... நான் செத்தா போயிட்டேன்?"

"ஆஸ்பத்திரில இருந்து அவளே உனக்கு போன் பண்ணினா. மூணு தரம். நீ எடுக்கல. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியோட கூப்பிடறது?"

மூன்று தரம்தான். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, துணி மடித்துக்கொண்டிருந்தாள், அண்ணியின் பெயர் போனில் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது, தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில் எதற்குக் கூப்பிடுவார்கள், பெண்டாட்டியைத் தூது விட்டு ஓட்டுக் கேட்கிறான் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு தலையணை உறை, இன்னொரு தலையணை உறை. மடித்து முடித்ததும் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாமே, மறுநாளாவது, ஒன்பது நாள் இருந்ததே...

எவ்வளவு நேரம் அழுதாளோ. அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், அட்டையை அவள் பக்கம் தள்ளினான், "எழுத வேண்டியதை எழுதிடு, இல்லன்னா மறுபடி வேற யாராவது வருவாங்க, எனக்குச் சொல்லிச் சொல்லி முடியல" என்றான். எழுதினாள். வயது, படிப்பு, ஓட்டுப் போடாத காரணம். குடும்பத்தில் இறப்பு என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் அடித்தாள், எத்தனை வீட்டில் இதே கட்டத்தை அடித்துவிட்டு அடுத்த வீட்டு மணியை அழுத்தப் போயிருப்பாள். கடைசியில், வீட்டில் ஓட்டுரிமை உள்ள மற்றவர்கள் எந்தக் கட்சிப் பக்கம் என்று ஒரு கேள்வி, அதைத் தாண்டிப் போகப் பார்த்தாள், அவன் படித்துவிட்டான்.

"அவளைப் பத்திக் கேக்குதா?" விரலை அந்த வரியில் வைத்தபடி யோசித்தான். "தெரியலயேடி. முப்பத்திநாலு வருஷமா பூத்துக்கு ஸ்கூட்டர்ல நான்தான் கூட்டிட்டுப் போனேன். என் பக்கம்னு நானா நெனச்சுக்கிட்டேன். கேட்டதே இல்ல. உங்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா?"

சொல்லியிருக்கிறாளா... அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி கழுவாத கையோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தாள், "நீங்களே சொல்லுங்கண்ணி, யார் பேசினது சரி?" என்று இவள் கேட்டாள், அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் ஒண்ணு சொல்லட்டுமா..." என்று ஆரம்பித்தாள், பஸ் வந்துவிட்டது. இவள் ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் அண்ணியின் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது.

"இல்லண்ணே" என்றாள். அண்ணன் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் எதையோ மறைக்கிறாள் என்பதுபோல.