வளர்ந்துகொண்டே போன மருந்துக் கொம்பு

வண்டிமாடு செத்து ஐந்து மாதம் கழித்து அதன் இடது கொம்பு மறுபடி வளரத் தொடங்கியது. அப்போது அது நாட்டுத் துப்பாக்கிக்கு வெடிமருந்து நிரப்பி வைக்கும் கொம்பாகிச் சோளக்கொல்லைக் காவல்காரனின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. செய்தவள் அவன் பெண்டாட்டி. சீப்புப் பட்டறையில் பன்னிரண்டு வருடம் கொம்பு அறுத்த கை. வேகவைத்து உள்ளெலும்பை உருவி, உடைந்த கண்ணாடியால் சுரண்டிச் சுரண்டி, வெயிலில் தூக்கிப் பிடித்தால் மருந்து எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியுமளவுக்கு இழைத்திருந்தாள். அடிப்பக்கத்தை மரக்கட்டையால் அடைத்துத் தேன்மெழுகு பூசினாள். இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்று பித்தளை ஆணியே அடித்தாள். அறுத்த நுனியைக் குடைந்து, ஒரு வேட்டுக்கு ஒரு அளவு என்று சின்னக் குப்பியும் செய்து அதே கயிற்றில் கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் குப்பியால்தான் வீட்டில் சண்டை. சுட்ட துப்பாக்கிக் குழலுக்குள் சில சமயம் அணையாத கங்கு கிடக்கும். குப்பியில் அளந்து போட்டால் போவது புருவம் மட்டும். கொம்பையே நேராகக் குழலில் சாய்த்தால் அத்தனை மருந்தும் கையிலேயே வெடிக்கும். காவல்காரனின் அண்ணன் வலது கையை அப்படித்தான் மணிக்கட்டோடு பறிகொடுத்தார். இவனோ சுட்ட பிறகும் காட்டுப்பன்றி கொல்லைக்குள் திரும்பி வந்தால், அவசரத்தில் குப்பியைத் தொடுவதே இல்லை.

"அளந்து போட்டியாய்யா?"

"போட்டேன்டி. நான் அளக்குற வரைக்கும் பன்னி என்ன, வரிசைல நிக்குமா?"

அவன் புளுகுகிறான் என்பது அவளுக்குக் கொம்பால் தெரிந்தது. நேராகக் கொட்டிய ஒவ்வொரு தடவைக்கும் அது இரண்டு விரற்கடை நீண்டது. அளந்து போட்ட நாளில் வளரவில்லை. கதவு நிலையில் கரிக்கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் கோடு அவள் இடுப்பைத் தாண்டியது. மருந்தைக் கொட்டிவிட்டு அவன் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தான். விடிந்தபோது பழைய நீளத்தோடு ஒரு சாண் கூடவே இருந்தது. வேறு கொம்பு கேட்டான்.

"அது உன்ன மாதிரியே முரட்டு மாடு. ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினாள்.

அடுத்த அறுவடையில் கொம்பு அவனைவிட உயரம். ஏரைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு போனவனைக் கொல்லைக்காரர்கள், "உழவா, காவலா?" என்று கேட்டார்கள். துப்பாக்கியை நிறுத்தி அதன் வாயில் இதைக் கவிழ்க்க இன்னொரு ஆள் உயரம் வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் கொம்பை வரப்பில் கிடத்தி, குப்பியில் பிடித்து, மாட்டைத் திட்டிக்கொண்டே போட்டான்.

அப்படிப் போட்ட நாலாம் நாள் குழலுக்குள் கங்கு கிடந்தது. புருவமும் முன்முடியும் இல்லாமல் பொழுது சாய வீட்டுக்கு வந்தான்.

"கையக் காட்டு."

இரண்டையும் நீட்டினான். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். பத்தும் மடங்கின. அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

கொம்பு அதற்குமேல் வளரவில்லை, குறையவுமில்லை. வீட்டுக்குள் அடங்காததால் சுவரில் ஓட்டை போட்டு நுனியை வெளியே விட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி யாரையும் கேட்காமல் அதில் துணி காயப்போடுகிறாள். காவலுக்குக் கிளம்பும்போது அவன் சுவரைத் தட்டுவான். அவள் வந்து துணியை எடுத்துக்கொள்வாள்.